சொரசொரப்பு

ஸ்பேஸ் பாரில் இருந்த பளபளப்பைக் காணவில்லை.

சோப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து, துண்டில் ஒற்றி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தான். நேற்றுக் காலையில் கீபோர்டின் அந்த நீள விசைமூடியின் வலப்பக்கத்தில், கட்டைவிரல் விழும் இடத்தில், பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு பளபளப்பு இருந்தது. யாரோ ஒருவர் இருபது முப்பது வருஷமாக ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு தட்டுத் தட்டித் தேய்த்த இடம். கழுவுவதற்கு முன் அதைப் படம்கூட எடுத்து வைத்திருந்தான். இப்போது அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே மங்கிக் கிடந்தது. வெளிச்சம் அதன் மேல் விழுந்தது, வழுக்கவில்லை. நகத்தால் மெல்லக் கீறினான். சர்ரென்று ஓர் ஓசை.

நடக்க முடியாத காரியம். பழைய கீபோர்டுகளைச் சேர்த்துப் புதுப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மஞ்சளடித்த பிளாஸ்டிக்கை மருந்து தடவி வெயிலில் வைத்து வெளுக்கலாம். துருப்பிடித்த ஸ்பிரிங்கை மாற்றலாம். தெறித்துப்போன கொக்கியை ஒட்டலாம். விரல் பட்டுத் தேய்ந்து வழவழத்துப்போன மூடியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே அழுக்குச் சேரவில்லை, பொருள் குறைந்திருக்கிறது. குறைந்ததை எந்த மருந்து கொண்டுவந்து வைக்கும்?

அது ஒரு பழைய இரும்புக்கடையில் கிடைத்த கீபோர்டு. உள்ளே எஃகுத் தகடு, நூற்றொரு விசை, ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி ஸ்பிரிங். இரண்டரைக் கிலோ இருக்கும். இருபது வருஷத்தில் இதோடு நாற்பது சேர்த்துவிட்டான், இப்படித் தேய்ந்த ஒன்றைப் பார்த்ததில்லை. எழுத்து விசைகள் தேய்வது இயல்பு. இதில் யாரும் வருஷத்துக்கு ஒரு முறை தொடாத மேல்வரிசை விசைகள்கூடக் கண்ணாடியாக இருந்தன. 'யாரோ தினமும் உக்காந்து தடவிக்கிட்டே இருந்திருப்பாங்க போல சார்,' என்று இரும்புக்கடைக்காரர் சிரித்தார்.

"டேய்!" அக்கா குளியலறையிலிருந்து கத்தினாள். "உன் பல்லெல்லாம் இன்னும் இங்கதான் ஊறுது. நான் குளிக்கறதா வேணாமா?"

மூடிகளை அவள் பல் என்றுதான் சொல்வாள். அதில் நியாயமும் இருந்தது. பல்செட் ஊறவைக்கும் மாத்திரையைப் போட்டுத்தான் அவற்றைக் கழுவுவான். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேருக்குப்பா பல் இல்ல?" என்றே கேட்டுவிட்டார்.

"இதோ எடுத்துடறேன்கா."

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்பேஸ் பாரைப் படமெடுக்க வேண்டும். கைபேசியில் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தான். நுனி வெளுத்து, நீரில் ஊறினாற்போல் மெத்தென்று இருந்தது. நேற்று அந்த ஸ்பேஸ் பாரைக் கையுறையில்லாமல் கட்டைவிரலாலேயே வெகுநேரம் தேய்த்தது நினைவுக்கு வந்தது. கீபோர்டின் உடம்பை வெளுக்கிற மருந்து கையில் பட்டிருக்கும். தோலைச் சுட்டுவிடும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. எண்களைத் தட்டித் திறந்து படமெடுத்தான்.

முன், பின். இரண்டு படங்களையும் சேகரிப்பாளர்கள் குழுவில் போட்டான்.

அரை மணியில் பதில்கள் குவிந்தன. மூடியை மாற்றிவிட்டுக் கதை விடுகிறான் என்றார் ஒருவர். விளக்கை நகர்த்தி வைத்து எடுத்தால் என் வழுக்கையும் இப்படித்தான் மறையும் என்றார் இன்னொருவர். பெட்டிக்கடை மட்டும் போன் செய்தான். குழுவில் எல்லோருக்கும் மூத்தவன், எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பான் என்பதால் அந்தப் பெயர்.

"ஏம்ப்பா, நெஜமாவா?"

"சத்தியமா."

"இத்தனை வருஷத்துல உன்னைப் பொய் சொல்லிப் பாத்ததில்ல. ஆனா இது பொய்யாத்தான் இருக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன். கண்ணால பாத்து, கையால தொட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் தினம் ஒரு படம் போடு. ஒரு விசை விடாம."

"போடறேன்."

"போடலேன்னா ஆயுசுக்கும் உன்னை மூடி மாத்தினவன்னுதான் கூப்பிடுவாங்க. நானும்தான்."

*

புதுப்பித்த எந்தக் கீபோர்டையும் அவன் உடனே அலமாரியில் வைப்பதில்லை. ஒரு வாரம் அக்காவின் கைக்குக் கீழே ஓடவிடுவான். அவன் குழுவில் வேறு யாருக்கும் இப்படியொரு வசதி இல்லை. அக்கா பத்தொன்பது வயதிலிருந்து தட்டச்சு செய்கிறவள், இப்போது நாற்பத்தெட்டு. கூட்டங்கள், விசாரணைகள், பேட்டிகள் என்று ஒலிப்பதிவுகள் வரும். காதில் ஹெட்போன், காலடியில் ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல், கை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். எந்த ஸ்பிரிங் சோம்பேறி, எந்த விசை இரண்டு தடவை விழுகிறது என்பதெல்லாம் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். தீர்ப்பும் சொல்வாள். இது கழுதை. இது சாதுவான மாடு. இது பேசிக்கொண்டே இருக்கிற வாத்தியார்.

திங்கட்கிழமை மத்தியானம் கேட்டான், "இது எப்படிக்கா?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "இதுவா? இது நான் அடிக்கறதுக்கு முன்னாடியே அடிக்குதுடா. கை தானா ஓடுது. இதை மட்டும் யாருக்கும் குடுக்காத."

அன்று சாயங்காலம் படமெடுத்தான். அவள் அதிகம் தொடும் எழுத்துகளில் வழவழப்பு குறைந்திருந்தது. புகைமூட்டம் போல ஒரு மங்கல். அடிக்க அடிக்கத் தேய வேண்டிய மூடிகள், அடிக்க அடிக்கப் புதிதாகிக்கொண்டிருந்தன. அவன் நெஞ்சு படபடத்தது. அது பயமில்லை, அப்போது.

செவ்வாய்க்கிழமை அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன அக்கா கடுகடுவென்று திரும்பி வந்தாள்.

"பத்து விரலும் வெச்சேன்டா. ஒண்ணையும் அந்த மெஷின் எடுக்கல. அந்த ஆள் கேக்கறான், 'நீங்க கொத்தனார் வேலையாம்மா?'ன்னு. ஆமாய்யா, காலைல அஞ்சு மாடி கட்டிட்டுத்தான் வர்றேன்னேன்."

அவன் சிரித்தான். தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தான்.

புதன்கிழமை விடிந்ததும் நுண்நோக்கிக் கேமராவைக் கணினியில் பொருத்தினான். சாதாரணப் படத்தில் சொரசொரப்பு என்றுதான் தெரியும். இருநூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அச்சில் வார்த்தபோது உண்டான மணல்பரப்பு தெரியும், மேடும் பள்ளமுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல். மூடியை மாற்றவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. ஸ்பேஸ் பாரை மட்டும் கழற்றி, அதன் இடத்தில் உதிரி ஒன்றை அக்காவுக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு, கேமராவுக்கு அடியில் வைத்து, கூர்மையைச் சரிசெய்தான்.

மணல் இல்லை. கோடுகள்.

பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று தொடாமல், வளைந்து வளைந்து, நடுவில் ஒரு சுழிக்குள் போய் முடியும் கோடுகள். கை ரேகை. யாராவது தொட்டதில் எண்ணெய் படிந்திருக்கும் என்று பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தான். அப்படியே இருந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான். படிந்தது இல்லை, எழும்பி நிற்பது. அந்தச் சுழிக்குக் குறுக்கே ஒரு சாய்வான வெட்டு ஓடியது. எட்டு வருஷத்துக்கு முன் திருப்புளி நழுவி அவன் வலது கட்டைவிரலில் விழுந்த வெட்டு. இடம், சாய்வு, நடுவில் தையல் பிரிந்து அகன்ற சிறு இடைவெளி, எல்லாம் அதே.

விரலை விளக்கடியில் நீட்டினான். வெட்டு இல்லை. ரேகை இல்லை. பீங்கான் கோப்பையின் கைப்பிடி போல இருந்தது.

அடுத்த அறையில் அக்கா அடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனான். "அக்கா, கையக் காட்டு."

"எதுக்கு? கை பாத்துக் குறி சொல்லப் போறியா?"

"காட்டேன்."

நீட்டினாள். பத்து நுனிகளும் வெளிச்சத்தில் மின்னின. அவளே அதிசயமாகப் பார்த்தாள். "ரெண்டு நாளா விரல்ல ஏதோ உறை போட்ட மாதிரி இருக்குடா. காகிதம் புரட்ட முடியல. உன் மருந்தெல்லாம் சரியாக் கழுவறியா?"

சொல்லியிருக்கலாம். பிடுங்கி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். புதன்கிழமை காலை பத்தே கால் மணி, நல்ல வெயில், வேறு கீபோர்டுகள் முப்பத்தொன்பது அலமாரியில் இருந்தன. அவன் அவள் கையைப் பிடித்தபடி நின்றான். தோல் வளரக்கூடியது. விரல் சுட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு மாதத்தில் ரேகை திரும்பி வந்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கே நாள். எழுத்து விசைகளில் எல்லாம் சொரசொரப்பு திரும்பிவிட்டது, எண் வரிசையும் மேல்வரிசையும்தான் பாக்கி. அதற்குப் பிறகு இதை அவளிடம் யார் கொடுக்கப் போகிறார்கள்?

"மருந்துதான்கா. கையுறை போட்டுக்கறியா?"

"கையுறை போட்டு எவடா டைப் அடிப்பா?"

அவளே கையை உருவிக்கொண்டு திரும்பினாள். அடிக்கத் தொடங்கினாள். அவனுக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஸ்பேஸ் பாரைத் திரும்ப மாட்டி, அன்றைய படங்களை வழக்கம்போல் தூரத்திலிருந்து எடுத்துப் போட்டான். நுண்நோக்கிப் படத்தைப் போடவில்லை.

*

வியாழக்கிழமை அக்கா இரண்டு தம்ளர்களை உடைத்தாள். மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபின்தான், "சுடுதா இது?" என்று கேட்டாள். உள்ளங்கை சிவக்கவில்லை. அதிலிருந்த கோடுகளும் இல்லை. ஒரு கோடும் இல்லை. அழித்துத் துடைத்த பலகை.

ஆனால் வேலை மட்டும் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் நடந்தது. அன்றைய ஒலிப்பதிவுகளைப் பதினொரு மணிக்கே முடித்துவிட்டாள். முடித்த பிறகும் எழவில்லை.

அவன் தன் அறையில் வேறொரு கீபோர்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வகைக் கீபோர்டின் ஓசையை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான்: விசை இறங்கும்போது ஸ்பிரிங் மடிந்து ஒரு டக், விரல் விலகியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து அதைவிட மெல்லிய இன்னொரு டக், இரண்டுக்கும் பின்னால் எஃகுத் தகட்டில் கொஞ்ச நேரம் தங்கும் ரீங்காரம். மத்தியான வெயிலில் தெரு ஓய்ந்திருந்தது. மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அடித்துக்கொண்டிருந்தாள். டக். டக். டக். எதுவோ குறைகிறது என்று தோன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். இறங்கும் ஓசை கேட்டது. ஏறும் ஓசை இல்லை. விசைகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் மேலே வரவில்லை.

கதவோரம் போய்ப் பார்த்தான். எல்லா விசைகளும் மேலேதான் இருந்தன. விரல்களோடு ஒட்டினாற்போல் எழுந்தன, விரல்களோடு இறங்கின.

வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டு அம்மா ஏதோ கேட்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது! பத்து வயசு குறைஞ்சுட்டீங்க. என்ன கிரீம் போடறீங்க? எனக்கும் சொல்லுங்க, மூடி மறைக்காதீங்க."

"ஒண்ணும் போடலையே," என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கன்னம் மடியவில்லை.

அவன் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றிச் சுருக்கங்கள் இல்லை. கண்ணோரக் கோடுகள் இல்லை. அவனுடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து விழுந்ததில் முகவாயில் உண்டான பிறை போன்ற தழும்பு இல்லை. முப்பது வருஷமாக அவள் அதைச் சொல்லிச் சொல்லி அவனிடம் காரியம் சாதித்துக்கொள்வாள். எதிர்வீட்டு அம்மா பொறாமையோடு பார்த்தாள். பிறகு, ஏனென்று அவளுக்கே தெரியாதவளாய், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, அரையடி பின்னால் நகர்ந்து, "சரி, அப்புறம் வர்றேன்," என்று போய்விட்டாள்.

அக்கா குளிக்கப் போனதும் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான். தொடவில்லை. கேமராவை மட்டும் அருகில் கொண்டுபோனான்.

என்டர் விசையின் ஓரத்தில், பிறை போல ஒரு மேடு.

மேல்வரிசை விசைகள் முழுவதும் மெல்லிய, நீளமான, ஒரே திசையில் ஓடும் மடிப்புகள். நெற்றி. அவற்றுக்கு நடுவே சிறு சிறு குழிகள். ஒரு குழியிலிருந்து ஒரு மெல்லிய முடி நீண்டிருந்தது. ஊதினான். முடி ஆடியது. போகவில்லை.

போன் அடித்தது. பெட்டிக்கடை.

"படம் எல்லாம் பாத்தேம்ப்பா. மேல்வரிசை வரைக்கும் வந்துடுச்சே! குழுவுல ஒருத்தனும் வாய் திறக்கல. உன்னைத் திட்டினவன்லாம் ஞாயித்துக்கிழமை கூட வர்றேங்கறான்."

"வேணாம். வராதீங்க."

"என்ன?"

"வராதீங்கன்னேன். இந்தக் கீபோர்டு சரியில்ல."

பெட்டிக்கடை சிரித்தான். மென்மையாகத்தான். "அப்ப மூடிய மாத்தினதுதான், இல்ல? சொல்லேன்ப்பா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திரையில் அந்த முடி அசையாமல் நின்றது.

"மாத்தல," என்றான். "வாங்க. வந்து பாருங்க."

*

சனிக்கிழமை அவனுக்குப் பெருமை எல்லாம் வடிந்துபோயிருந்தது. அன்று அக்கா காலையில் அவனைக் கூப்பிட்டபோது குரல் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு முறை திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பேசும்போது உதடுகள் அதிகம் அசையவில்லை. அசைய அங்கே அதிகம் இல்லை.

இழுத்து நிறுத்திக் கண்ணாடியின் முன்னால் கொண்டுபோனான். "பாருக்கா. உன் மூஞ்சியப் பாரு."

பார்த்தாள். "என்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"டாக்டர்கிட்ட போகலாம்."

"திங்கக்கிழமை போலாம்டா. வேலை கிடக்கு."

அவள் டீ போடப் போன சமயம் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினான். கையுறை போட்டிருந்தான். இரண்டு கையாலும் தூக்கினான். ரப்பரைத் தாண்டி வெதுவெதுப்பு ஏறியது. கட்டைவிரல்கள் ஓர விசைகளில் அழுந்தின. சமையலறையில் அக்கா சிணுங்கினாள்.

"டேய், பிடிக்காதடா. கூசுது."

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு கூடமும் இருந்தன.

தன் அறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். உப்புத்தாள் எடுத்தான். இருப்பதிலேயே மென்மையானது, இரண்டாயிரம் எண். மூடிகளைப் பழையபடி வழவழப்பாக்கிவிட்டால்? எடுத்ததை எல்லாம் தேய்த்து உதிர்த்துவிட்டால்? மேல்வரிசையின் கடைசி விசையில் தாளை வைத்து ஒரே ஒரு முறை இழுத்தான். தாளில் வெள்ளைத் தூள் ஒட்டும் என்று எதிர்பார்த்தான். ஈரம் ஒட்டியது.

அக்கா வாசலில் வந்து நின்றாள். புருவத்துக்கு மேல் கையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கேயோ கிழிச்சிருக்குடா. பாரேன். ரத்தம் வருதா?"

கையை விலக்கினாள். அங்கே ஒன்றுமில்லை. புருவமும் இல்லை.

"இல்லக்கா," என்றான். "ஒண்ணுமில்ல."

உப்புத்தாளைக் கீழே போட்டான். உடைக்க முடியாது. கழற்ற முடியாது. நூற்றொரு மூடிகளில் எதைப் பிடுங்கினாலும் எது பிடுங்கப்படும் என்று அவனுக்குத் தெரியாது. குழந்தையைச் சுற்றுவது போல் பருத்தித் துண்டில் சுற்றி, இரும்பு அலமாரியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினான். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். கீபோர்டுகள் இருந்த அலமாரியிலிருந்து வேறொன்றை, அவள் சாதுவான மாடு என்று சொன்னதை, மேஜையில் பொருத்திக் கொடுத்தான்.

அக்கா உட்கார்ந்தாள். விரல்களை வைத்தாள். விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. மறுபடி வைத்தாள். எந்த விசையில் எந்த விரல் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் குனிந்து பார்த்து அவன் பார்த்ததில்லை.

"அதக் குடுடா."

"வேணாம்கா. அதுதான் உன்னை இப்படிப் பண்ணுது."

"அதத் தொட்டாத்தான்டா எனக்குக் கை இருக்கறதே தெரியுது." அழுகிறாளா என்று பார்த்தான். கண் பக்கம் ஏதோ பளபளத்தது. அது கண்ணீராக இருக்கலாம். "இப்பக்கூட இருட்டா இருக்கு. துணி வாசனை அடிக்குது. சட்டைத் துணி."

அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் சட்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்புமணிதான் அவனை எழுப்பியது. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். ஒன்பதரை. கூடமெல்லாம் வெயில். பையைத் தடவிப் பார்த்தான். சாவி இல்லை. இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. பருத்தித் துண்டு தரையில்.

அடுத்த அறையிலிருந்து சத்தம்.

டக். டக். டக்.

மறுபடி மணி அடித்தது. வாசலுக்கு வெளியே பேச்சுக்குரல்கள். பெட்டிக்கடையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, சந்தோஷமாக: "ஷ்! கேளுங்கய்யா. உள்ள யாரோ அடிக்கறாங்க. அந்தச் சத்தத்தக் கேளு! இந்த மாதிரி ஒரு ஸ்பிரிங் சத்தம் எங்கயாவது கேட்டிருக்கியா?"

அவன் கதவைத் திறக்கவில்லை. அடுத்த அறைக்குப் போனான். கால்கள் தானாகப் போயின.

அக்கா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. பழைய இரவு உடை. கொண்டையில் பேனா செருகியிருந்தாள், எப்போதும் போல. தோள்கள் அசையாமல், முழங்கைகள் உடம்போடு ஒட்டி, பயிற்சி பெற்றவர்கள் உட்காரும் விதம். விரல்கள் மட்டும் ஓடின. விரல்களுக்கும் விசைகளுக்கும் நடுவே எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை. மூடிகள் ஈரமாக இருந்தன. ஒரு வரிசை முழுவதும், மெதுவாக, ஏறி இறங்கியது. யாரும் அழுத்தாமல். மூச்சு விடுவது போல.

"அக்கா."

திரும்பினாள்.

முதலில் அவனுக்கு ஜன்னல்தான் தெரிந்தது. அவனுக்குப் பின்னாலிருந்த கூடத்து ஜன்னல், நான்கு கம்பிகள், கம்பிகளுக்கு வெளியே வெயில், வெயிலுக்கு முன்னால் கறுப்பாக ஓர் ஆள். அந்த ஆள் அவன்தான். அக்காவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவன் தலைகீழாக இல்லாமல், கோணலாக இல்லாமல், துல்லியமாகத் தெரிந்தான். மேடு இல்லை. பள்ளம் இல்லை. ஓரத்தில் காதுகூட இல்லை. ஹெட்போன் பிடிமானமின்றிக் கழுத்தில் தொங்கியது. அவள் தலையைச் சற்றுச் சாய்த்தாள். ஜன்னல் வழுக்கிக்கொண்டு போனது.

வெளியே மணி அடித்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் திரையின் பக்கம் திரும்பாமலே, அவனைப் பார்த்தபடியே, விரல்களை ஓடவிட்டாள். திரையில் எழுத்துகள் வந்தன.

யாருடா வாசல்ல

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவள் முகத்திலிருந்த கறுப்பு ஆளும் நகர்ந்தான்.

எத்தனை தடவ கேக்கறது. நான் பேசறது உனக்குக் கேக்குதா இல்லையா

டக். டக். டக்.

ஏண்டா என்னை அப்படிப் பாக்கற